இஞ்சினை நிறுத்திய பிறகும் உதறிய பைக்

தலவாக்கலை டவுனில் பஸ் நிலையத்துக்குக் கீழே இறங்கும் சந்தில் ஒரு கராஜ் இருக்கிறது. அங்கே நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் கையில் கொடுக்கப்பட்ட ஒரே கருவி ஒரு நீலப் பேனா. தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனப் பாடம் படித்து, பரீட்சகர் பார்த்துக்கொண்டிருக்க ஓர் இஞ்சினைக் கழற்றி மறுபடி பூட்டி, அது முதல் உதையிலேயே எழும்பியதால் கைதட்டல் வாங்கியவள் நான். ஆனாலும் ஏழு மாதமாக வாசல் மேசையில் உட்கார்ந்து, வருகிற வண்டிக்கு என்ன நோய் என்று சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவதுதான் என் வேலையாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது கழுத்து தானாக நிமிர்ந்துவிடும். அதை நான் மறைப்பதும் இல்லை. அம்மா லிந்துலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்லுவோம். அங்கே தேயிலையைச் சுமந்து ஓடும் ரப்பர் பெல்ட்டுகள் அறுந்தால் வெட்டி ஒட்டுவது அவர் பொறுப்பு. என் உயர்தரப் பரீட்சை முடிவு வந்த அன்று, எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த பன்னிரண்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு, வழியில் வந்த தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையாவையும் நிறுத்திச் சொன்னார். பாவம், அவர் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார்.

கராஜ் முதலாளியை எல்லாரும் பாஸ் என்போம். கினிகத்தேனைக்காரர், சிங்களவர், தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். கெட்ட மனிதர் இல்லை. ஸ்பேனர் பிடித்த பெண்பிள்ளையை அவர் அதுவரை பார்த்ததில்லை, அவ்வளவுதான். சான்றிதழைக் காட்டிய நாளிலிருந்து என்னை "மிஸ்" என்று கூப்பிட ஆரம்பித்தார், பள்ளிக்கூட டீச்சரைக் கூப்பிடுவதுபோல.

"கிறீஸ் பட்டா கை கறுத்துப் போகும் மிஸ். அப்புறம் கலியாணத்துக்குப் பாக்க வர்றவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"கை கறுத்தா கழுவ சவுக்காரம் இருக்கு பாஸ். பேனா புடிச்சுப் புடிச்சு வெரல்ல காய்ச்சிருக்கே, இதுக்கு என்னா இருக்கு?"

சிரிப்பார். ஆனால் உள்ளே விடமாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை லொறி மாமா தன் க்ரூசர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். லொறி மாமா எங்கள் லயத்துக்காரர். தோட்டத்துக் கொழுந்து லொறியை ஓட்டுவதால் அந்தப் பெயர். சொந்தம் என்று ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிடுகிறேன். வாரம் முழுக்க லொறியில் குலுங்குகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த நீண்ட, தாழ்ந்த பைக்கில் ராஜா மாதிரிச் சாய்ந்து போவார். எருமைக்கொம்பு போல விரிந்த ஹாண்டில், இரண்டு சிலிண்டர், ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்து அனுப்பிய வண்டி. லயத்துப் பிள்ளைகள் அதைத் தொட வேண்டுமென்றால் முதலில் கை கழுவ வேண்டும் என்பது மாமா வைத்த சட்டம்.

அன்று ராஜாவின் முகம் சரியில்லை.

"ஒதறுது பாப்பா," என்றார். "ரெண்டு மாசமா ஒதறுது. வேகம் நாப்பதத் தாண்டுனா காலு, இடுப்பு, பல்லு எல்லாம் தனித்தனியா ஆடுது. அட்டன்ல ஒருத்தன் பிளக்க மாத்துனான். நுவரெலியாவுல ஒருத்தன் இஞ்சின் நட்ட எல்லாம் இறுக்குனான். ஒண்ணும் கேக்கல."

பின்னாலேயே அத்தை, அதாவது மாமாவின் மனைவி, கையில் சந்தைப் பையோடு வந்து சேர்ந்தார். பஸ்ஸில் வந்திருந்தார், வேண்டுமென்றேதான்.

"வர்ற ஞாயித்துக்கெழம பூண்டுலோயாவுல எங்கண்ணன் மகளுக்குக் கலியாணம்," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "இதுல ஏறிப் போனேன்னா, போற வழியிலயே கொண்டையும் அவுந்துரும், சேலையும் அவுந்துரும். பொண்ணு வீட்டுக்காரி பேயாட்டம் வந்து நிக்கவா? நான் பஸ்ஸுல போறேன். இவரு வேணும்னா இதக் கட்டிப் புடிச்சிக்கிட்டு ஒதறட்டும்."

பாஸ் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இறங்கும்போதே தொடையைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார்.

"இஞ்சின்தான். தொறந்து பாக்கணும். உள்ளுக்கு பெயாரிங் போயிருக்கும்."

இஞ்சினைத் திறந்தால் சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும். கல்யாணம் என்ன, பிறக்கப்போகும் பிள்ளையின் பெயர் வைக்கும் விழாவுக்குக்கூட வண்டி தயாராகாது. நான் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். எழுதுவதற்குக் கேட்க வேண்டுமே, கேட்டேன்.

"எந்த கியர்ல ஒதறுது மாமா?"

"எந்த கியரா இருந்தா என்னா, அம்பதுல போனா ஒதறும்."

"ஏத்தத்துலயும்?"

"ஏத்தத்துலயும்தான்."

"எறக்கத்துல?"

"எறக்கத்துல நான் இஞ்சின ஓப் பண்ணிருவேனே."

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர்ச் சாலை தெரிந்திருக்க வேண்டும். நானுஓயாவிலிருந்து லிந்துலை வரை சாலை இறங்கிக்கொண்டே வரும். பெட்ரோலுக்கு நாள் கணக்காக வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், இறக்கம் வந்தால் இஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டு வருவது எல்லாருக்கும் பழக்கமாகிப் போனது. கீழே மறுபடி ஏற்றம் தொடங்கும் இடத்தில் கியரைப் போட்டு, கிளச்சைப் பட்டென்று விட்டால், ஓடுகிற சக்கரமே இஞ்சினை எழுப்பிவிடும். வரிசைகள் போய்விட்டன. பழக்கம் போகவில்லை. எங்கள் மலைகளில் இன்றும் வளைவில் சத்தமே இல்லாமல் பைக் வந்தால் பேய் என்று யாரும் பயப்படுவதில்லை. எவரோ பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறார் என்று ஒதுங்கி நிற்பார்கள்.

"ஓப் பண்ணினதுக்கு அப்புறமும் ஒதறுதா மாமா?" என்று கேட்டேன்.

"ஏன் ஒதறாம? ரதல்லைப் பக்கம் உருண்டு வர்றப்ப சும்மா கிடுகிடுன்னு..."

என் பேனா நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பாஸ் முன்னால் நின்றேன்.

"பாஸ், இஞ்சின் நின்னதுக்கு அப்புறமும் வண்டி ஒதறுதாம். நின்னு போன இஞ்சின் எப்படி ஒதறும்?"

உள்ளே டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பாஸ் மாமாவைப் பார்த்தார், பைக்கைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ஹரி," என்றார், சரி என்பதைத் தன் மொழியில். "அப்ப என்னா மிஸ்?"

"பின்னால. கியர்பெட்டியில இருந்து சக்கரம் வரைக்கும் எங்கயோ."

"எங்கயோன்னு ஒரு சாமான் கடையில விக்கிறதில்ல." துணியில் கையைத் துடைத்தார். "கேட்டுக்க. கண்டியில இருந்து ஒரு மெக்கானிக் வேலை கேட்டு ரெண்டு தடவ போன்ல கோல் பண்ணிட்டான். சனிக்கிழம பகலுக்குள்ள இந்த ஒதறல நீயே கண்டுபுடிச்சு, நீயே நிப்பாட்டு. செஞ்சா, திங்கக்கிழமையில இருந்து நீ உள்ள. செய்யலன்னா அவன எடுத்துருவேன். நீ மேசைதான். அதுக்கப்புறம் என் காதுல சான்றிதழ்ப் பேச்சு விழக்கூடாது."

"சரி பாஸ்," என்றேன். சொன்ன பிறகுதான் கால் கொஞ்சம் உதறியது. அதற்கு இஞ்சின் காரணமில்லை.

புதன்கிழமை காலையில் நானே ஓட்டினேன். நான் குள்ளம். கல்லூரியில் இருந்த பயிற்சி பைக்குகளில் ஏறினால் ஒரு காலின் பெருவிரல்தான் தரையில் படும். க்ரூசரில் உட்கார்ந்தபோது இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தன. இந்த வண்டியைச் செய்தவனுக்கு என் உயரம் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு லிந்துலைச் சாலையில் போனேன். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி, "ஏய், நம்ம பாப்பாடீ!" என்று கத்தியது ஹெல்மெட்டுக்குள்ளும் கேட்டது. கையாட்ட எனக்கும் ஆசைதான்; ஹாண்டில் விட்டால்தானே.

ஐம்பதில் மூன்றாம் கியர்: உதறல். ஐம்பதில் நான்காம் கியர்: இஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, உதறல் அதேதான். இறக்கத்தில் கிளச்சைப் பிடித்தேன். இஞ்சின் சத்தம் அடங்கியது. இடுப்பில் அடி நிற்கவில்லை. ஆக, உதறல் இஞ்சினின் வேகத்தோடு போகவில்லை, சக்கரத்தின் வேகத்தோடு போகிறது. இதுவரை நான் சொன்னது சரி.

கராஜில் ஜாக்கி போட்டுப் பின்சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றினேன். செயின் ஓரிடத்தில் வீணைத் தந்தி போல விறைத்தது. இன்னும் கொஞ்சம் சுற்றினால் தொட்டில் கயிறு மாதிரித் தொங்கியது.

"செயின்," என்று அறிவித்தேன். வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை சொல்லுமே, அந்தக் குரலில். "செயின் ஒரே மாதிரித் தேயல பாஸ். விறைக்கிற எடம் ஒவ்வொரு தடவயும் இழுக்குது. அதான் ஒதறல்."

செயின் தேய்ந்துதான் இருந்தது. அதோடு முன், பின் பல்சக்கரங்களையும் மாற்றுவது முறை. பின்சக்கரத்தைக் கழற்றினேன். பின் பல்சக்கரம் ஒரு வட்டத் தட்டின்மேல் பூட்டியிருக்கும். அந்தத் தட்டு சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் உட்கார்ந்திருக்கும். தட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கொஞ்சமும் அசையவில்லை. நல்லது, ஆட்டமில்லை என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு, பழைய பல்சக்கரத்தை எடுத்துப் புதியதைப் பூட்டினேன். அந்தப் பாராட்டை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகும்.

வியாழன் மத்தியானம் மாமா கொழுந்து லொறியைத் தேயிலைக்குள் எங்கோ நிறுத்திவிட்டு ஓடி வந்தார். பைக்கை எடுத்துக்கொண்டு போனார். நான் வாசலில் நின்றேன். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"பாப்பா," என்றார், என் மனது நோகக்கூடாது என்று மெதுவாக. "சத்தம் நல்லா கொறஞ்சிருக்கு. செயின் பளபளன்னு இருக்கு. பாக்கவே அழகா இருக்கு."

"ஒதறல்?"

"அது... அது அப்படியே இருக்கு."

பாஸ் மேசைப்பக்கம் போய், நீலப் பேனாவின் மூடியைத் திறந்து எழுதிப் பார்த்துவிட்டு, "மிஸ், பேனா காயுது," என்றார்.

வீட்டுக்குப் போனபோது அம்மா என்னை ஒருமுறைதான் பார்த்தார். "என்னாடி, மூஞ்சி தூள் தேயில மாதிரி கெடக்கு?" என்றார். சொன்னேன். அவருக்குச் செயின், பல்சக்கரம் எல்லாம் தெரியாது. ஆனால், "அவசரப்பட்டியா?" என்று கேட்டார். அது எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பாவுக்கு அந்த வாரம் ஸ்டோரில் இரவு வேலை. நான் வரும்போது அவர் போயிருப்பார், அவர் வரும்போது நான் போயிருப்பேன். இரண்டு நாளாக அவரை நான் பார்க்கவே இல்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது, வெள்ளிக்கிழமை காலை, என் தவறு எனக்குத் தெரிந்தது. செயின் ஓரிடத்தில் விறைக்கிறது என்று பார்த்தேன். விறைப்பு செயினுக்குச் சொந்தமா, சக்கரத்துக்குச் சொந்தமா என்று பார்க்கவில்லை. செயினுக்குச் சொந்தமென்றால், செயினின் அதே கண்ணி வரும்போதெல்லாம் விறைக்க வேண்டும். சக்கரத்துக்குச் சொந்தமென்றால், எந்தக் கண்ணி வந்தாலும் சக்கரத்தின் அதே இடம் வரும்போது விறைக்கும். அடையாளம் வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நான் அந்த ஐந்து நிமிடத்தை அறிவிப்புச் செய்வதில் செலவழித்திருந்தேன்.

கராஜில் அடையாளம் போடும் சோக்குக் கட்டி நனைந்து கிடந்தது. கைப்பையில் பொட்டு அட்டை இருந்தது. ஒரு சிவப்புப் பொட்டைச் செயினின் ஒரு கண்ணியில் ஒட்டினேன். இன்னொன்றைச் சக்கரத்தின் விளிம்பில், செயின் விறைக்கும் இடத்துக்கு நேராக. சுற்றினேன். செயின் பொட்டு தன் பாட்டுக்கு முன்னால் போனது, கீழே போனது, எங்கெங்கோ சுற்றியது. சக்கரத்துப் பொட்டு கீழே வரும்போதெல்லாம், தவறாமல், புதுச் செயின் விறைத்தது.

பாஸ் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார். "வண்டிக்குப் பொட்டு வச்சாச்சு. பூசை எப்ப மிஸ்?"

"இப்பதான் ஆரம்பிக்குது பாஸ். பாருங்க."

ஒரு கம்பித் துண்டைப் பல்சக்கரத்தின் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினேன். புத்தம் புதுப் பல்சக்கரம் ஒரு பக்கம் கம்பியைத் தொட்டது, மறுபக்கம் விலகியது. தட்டு நேராக உட்காரவில்லை. குடித்தவன் தலைப்பாகை மாதிரி ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. பாஸ் கோப்பையை ஜன்னலில் வைத்துவிட்டுக் குனிந்தார்.

சக்கரத்தை மறுபடி கழற்றினேன். அந்தத் தட்டு கையால் இழுத்தால் வந்துவிட வேண்டும். வரவில்லை. இரண்டு நெம்புகோல் போட்டு இரண்டு பேர் நெம்பினோம். பிறகுதான் 'டப்' என்று கழன்றது. அதற்குள்ளே பார்த்ததும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தட்டுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஆறு குழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு தடித்த, மிருதுவான ரப்பர் இருக்க வேண்டும். இஞ்சின் இழுக்கும் இழுப்பு சக்கரத்தில் நேரே அடித்துவிடாமல் அந்த ரப்பர்கள் நசுங்கி வாங்கிக்கொள்ளும். அங்கே இருந்தவை வேறு. கறுப்புப் பலகைத் துண்டுகள் போல, நடுவில் துணி வைத்துத் தைத்தது மாதிரி அடுக்கடுக்காக, கல் போல இறுகியவை. ஒரு குழியில் இரண்டு துண்டு, அடுத்ததில் மூன்று. அதனால்தான் தட்டு சரிந்திருந்தது. எல்லாம் கூரான கத்தியால், ஓரம் சாய்வாகச் சீவி, அழகாக வெட்டப்பட்டிருந்தன.

அது தேயிலை ஸ்டோர் பெல்ட். அந்தச் சாய்வு வெட்டு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கதவுக்குக் கீழே குளிர் வராமல் அடித்திருக்கும் பட்டையிலும் அதே வெட்டுத்தான்.

மாமாவுக்குக் கோல் எடுத்தேன்.

"மாமா, பின்சக்கரத்து ஹப்ப யாராச்சும் கழட்டுனாங்களா?"

"ஹப்பா? ஆமா, உங்கப்பாதான். முந்தி கியர் போடுறப்பலாம் பின்னால 'டக்கு டக்கு'ன்னு அடிச்சிக்கிட்டு இருந்திச்சு. உள்ளுக்கு ரப்பர் நஞ்சி தூளாப் போயிருந்திச்சு. அவருதான் நல்லா கெட்டியா வச்சிக் குடுத்தாரு. சத்தம் சுத்தமா நின்னுருச்சே!"

"எப்ப?"

கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு மாசம் இருக்கும்."

"ரெண்டு மாசமாத்தானே ஒதறுது! ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"வண்டியில என்னா பழுதுன்னுதானே கேட்ட பாப்பா? அது பழுது இல்லையே. உங்கப்பா செஞ்சதாச்சே."

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. பாஸ் பக்கத்திலேயே நின்றார். யார் செய்தது என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? யாரோ தெரியாத ஆள் என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவார். ஆனால் ஒரு வேலையை முழுதாக நானே முடிக்கிறேன் என்று சொன்னவள் நான். காரணத்தில் பாதியை மறைத்தால் அது முழுது ஆகுமா?

"பாஸ், ரெண்டு தப்பு," என்றேன். "மொதல் தப்பு மாமாவோடது. இஞ்சின ஓப் பண்ணி உருண்டு வந்து, கிளச்சப் பட்டுன்னு விட்டு விட்டு எழுப்புறாரு. ஒவ்வொரு தடவயும் அந்த அடிய இந்த ரப்பர்தான் வாங்கியிருக்கு. அதான் நஞ்சிபோச்சு. ரெண்டாவது தப்பு, அதுக்குப் பதிலா ஸ்டோர் பெல்ட்ட வெட்டி வச்சது. அது எங்கப்பா."

பாஸ் முதலில் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. பிறகு டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"தகப்பன் கெடுக்கிறாரு, மக பழுது பாக்குறா! எனக்கு இப்பிடி ஒரு தகப்பன் இருந்திருந்தா நான் ரெண்டு கராஜ் போட்டிருப்பேனே மிஸ்!"

"நானும் புதன்கெழம தட்டு ஆடாம இருக்குன்னு சந்தோசப்பட்டேன் பாஸ். கொஞ்சம் ஆடணும். ஆடலன்னதுமே நான் உள்ள பாத்திருக்கணும். அது மூணாவது தப்பு."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. "நானும் இஞ்சின்னுதானே சொன்னேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்டிக்குக் கோல் எடுத்தார்.

அந்த வண்டிக்கான ரப்பர் கண்டியில் இல்லை. வேறொரு பைக்கின் ரப்பர் இருக்கிறது, அதே வடிவம், ஆனால் கொஞ்சம் பெரிது, வெட்டிக்கொள்ள வேண்டும் என்றார்கள். கடைக்காரர் பொதியைப் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட, மத்தியானத்துக்குப் பிறகு தலவாக்கலையில் இறங்கியது. கராஜ் கத்தியால் ஒன்றை வெட்டிப் பார்த்தேன். எலி கடித்தது போல வந்தது. நல்ல வேளை, ஆறு வேண்டிய இடத்துக்கு எட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டாவதை நான் தொடவில்லை. மில்லிமீட்டர் தவறினால் மறுபடி தட்டு சரியும். இப்படி ரப்பரைக் கோடு பிசகாமல் வெட்டத் தெரிந்த ஓர் ஆளைத்தான் எனக்குத் தெரியும். மீதி ஏழையும், ஒரு பெல்ட் துண்டையும், அளவு பார்க்கும் வேர்னியரையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்பா தூங்கி எழுந்து வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். பெல்ட் துண்டை நீட்டினேன்.

"இது யாரு வெட்டுனதுப்பா?"

ஒரு பார்வைதான். "நம்ம வெட்டு," என்றார், வாய் நிறைய நுரையோடும் பெருமையோடும். கொப்பளித்துவிட்டு, "லொறிக்காரருக்கு வச்சது. பத்து வருசம் ஆனாலும் தேயாது."

"தேயவே தேயாதுப்பா. அதான் ஒதறுது."

பெல்ட் துண்டை ஒரு கையிலும் புது ரப்பரை மறுகையிலும் கொடுத்து, "ரெண்டையும் அமுக்குங்க," என்றேன். அமுக்கினார். ஒன்றில் பெருவிரல் புதைந்தது. மற்றதில் பெருவிரல்தான் நசுங்கியது. இரண்டு, மூன்று முறை மாற்றி மாற்றி அமுக்கினார். சக்கரம் எப்படிச் சரிந்தது, செயின் எப்படி விறைத்தது என்று விறகுக் கரியால் வாசல் சிமெந்தில் வரைந்து காட்டினேன்.

"அப்ப அத்தாட்சி பல்லு ஆடுனது என்னாலயா?" என்றார் கடைசியில். மாமாவின் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஆமா."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "நல்லவேள, மக கையில மாட்டுனீங்க. வேற கராஜ்காரன் கண்டிருந்தா ஊரெல்லாம் சிரிச்சிருக்கும்."

"இப்ப மட்டும் சிரிக்காதா?" என்று அப்பா கேட்டார்.

"பாஸ் சிரிச்சு முடிச்சிட்டாரு," என்றேன். "சனிக்கிழம பகலுக்குள்ள முடியலன்னா அப்புறம் என்னையப் பாத்துத்தான் சிரிப்பாரு. கண்டியில இருந்து ஆள் எடுத்துருவாரு. எனக்கு இது ஆறும் ஒரே அளவா வேணும்ப்பா."

அப்பா எழுந்து போய்த் தன் கத்தியை எடுத்து வந்தார். நான் வேர்னியரால் அளந்து கோடு போட்டேன். அவர் கத்தியைச் சவுக்காரத் தண்ணீரில் நனைத்து, மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பில் வெட்டினார். ஒன்று முடிந்ததும் கத்தியை வைத்துவிட்டு, நான் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் கருவி என்னா சொல்லுது?"

"சரிங்குது."

"ம்," என்றார். அடுத்ததை எடுத்தார். ஆறும் முடிந்தன, ஏழாவது மிஞ்சியது. அதையும் வெட்டிவிட்டார், கை நிற்கவில்லை போல.

சனிக்கிழமை காலை பத்துக்குள் ஆறையும் போட்டு, தட்டை வைத்தேன். கை அழுத்தத்திலேயே போய் உட்கார்ந்தது. பிடித்து ஆட்டினால் ஒரு நூல் அளவு இசைந்து கொடுத்தது. கம்பியைப் பிடித்துச் சுற்றினேன். பல்சக்கரம் எங்கும் தொடவில்லை, எங்கும் விலகவில்லை. செயின் சுற்று முழுக்க ஒரே தொங்கலில் இருந்தது. மாமாவும் அத்தையும் வந்து டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

பாஸ் தானே முதலில் ஓட்டுவேன் என்றார். போனார். போனவர் வரவில்லை. பதினைந்து நிமிடம், இருபது நிமிடம். நான் சந்து முனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாமா, "ரோட்டுல நின்னுருச்சோ?" என்று வேறு கேட்டார். பிறகு சத்தம் கேட்டது. பாஸ் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து, லொறி மாமாவைவிடப் பெரிய ராஜாவாகச் சந்துக்குள் வந்தார்.

"திம்புள்ளப் பக்கம் வரைக்கும் போயிட்டேன்," என்றார். "எறங்க மனசு வரல."

ஆனாலும் தீர்ப்பு சொல்லவில்லை. அத்தையைப் பார்த்தார். "நீங்க ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நான் சொன்னா மிஸ்ஸுக்கு நான் பயந்துட்டேன்னு சொல்லுவாங்க."

அத்தை முன்றானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். லிந்துலைச் சந்தி வரை போய் வந்தார்கள். இறங்கியதும் முதல் வேலையாகக் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. பல்லை நாக்கால் தடவிப் பார்த்தார். இருந்தது.

"ஒதறல் இல்ல," என்றார். "ஆனா சீட்டு சின்னது. அதுக்கும் ஏதாச்சும் செய்யலாமா பாப்பா?"

"அதுக்கு சீட்டுல குத்தம் இல்ல," என்றார் மாமா. சந்தைப் பையால் முதுகில் ஓர் அடி விழுந்தது.

"மாமா," என்றேன், "இனிமே எறக்கத்துல இஞ்சின நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டி எழுப்புனீங்கன்னா இந்த ரப்பரும் நஞ்சிரும்."

"இல்ல பாப்பா, இனிமே இல்ல," என்றார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். மிஞ்சிய ஏழாவது ரப்பரை நான் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

அவர்கள் போன பிறகு பாஸ் மேசைக்குப் போனார். கண்டி ஆளின் நம்பர் எழுதிய துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீயே கோல் பண்ணிச் சொல்லிரு. உள்ளுக்கு ஆள் இருக்குன்னு."

உள்ளுக்கு ஆள். எனக்கு அந்த இரண்டு வார்த்தையையும் இன்னொருமுறை கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் கேட்டால் மனிதர் மனதை மாற்றிக்கொள்வாரோ என்று போனை எடுத்தேன். அப்போது வேறொன்று தோன்றியது.

"பாஸ், நான் உள்ள போயிட்டா மேசைக்கு யாரு? இவர மேசைக்குக் கேப்போமா? எழுத வருமான்னு மட்டும் கேட்டுப் பாக்குறேன்."

"கேளு, கேளு," என்றார் பாஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கேட்டேன். கண்டிக்காரர் தான் பதினெட்டு வருஷமாக ஸ்பேனர் பிடித்த கை என்றும், உட்கார்ந்து எழுதுகிற வேலையெல்லாம் தன்னால் முடியாது என்றும், அப்படி ஒன்றைத் தன்னிடம் கேட்கவே கூடாது என்றும் ரோசத்தோடு சொன்னார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. "உங்க மனசு எனக்கு நல்லா வெளங்குதுங்க அண்ணே," என்றேன்.

திங்கட்கிழமை, இரைச்சல் போடும் ஒரு த்ரீவீல் ஆட்டோ எனக்காக உள்ளே நின்றது. மேசைக்கு ஆள் கிடைக்கவில்லை. பாஸ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தச் சின்ன நாற்காலியில் தன் பெரிய உடம்பைத் திணித்து, வாசலில் நின்றவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்:

"எந்த கியர்ல? ஏத்தத்துலயா, எறக்கத்துலயா? இஞ்சின் ஓப் பண்ணினா நிக்குதா? அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க. உள்ளுக்கு மிஸ் கேப்பாங்க."